வாய்க்குள் ஒரு வலை

"உங்க வூட்ல புச்சா ஒரு அம்மா கீறாங்களே, யாரு?"

பிரசவத்துக்குத் தாய்வீடு போய், ஆறு மாதம் கழித்துத் திருவான்மியூர் திரும்பிய பால்காரம்மாள் வாசலில் நின்று கேட்டாள். எங்கள் வீட்டுக்குப் புதிதாக யாரும் வரவில்லை. அவள் பார்த்தது என் அக்கா ராஜத்தை. அக்கா கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரங்கூனில் இன்னும் இருக்கும் நம்மவர்களுக்கு அக்காவைத் தெரியும். மொகிங்கா என்ற பர்மிய மீன்குழம்புச் சேமியாவில் மிளகாய்த்தூளைக் கொட்டிச் சாப்பிடுகிறவள். கப்பலேறி மதராஸ் வந்த சில ஆண்டுகளில் அவளுக்கு ரசம்கூட நெருப்பாயிற்று. கன்னத்தின் உட்புறம் வெள்ளைக் கோடுகள் பின்னிக் கிடந்தன. எட்டிப் பார்த்த மீன்காரி, "இன்னாம்மா, வாய்ல வலை போட்டுகீது" என்றாள். செய்வினை என்கிறாள் போலும் என்று பயந்து, இனி வராதே என்று அவளை விரட்டினேன். பாவம், கண்ணில் பட்டதைத்தான் சொல்லியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். எரிச்சல் அடங்கியது. ஆனால் மாதங்கள் போகப் போக முகம் உருண்டு உப்பியது. சிரிப்புகூட வேறு யாருடையதோ ஆனது. குரல் மட்டும் அக்காவுடையது. சமையலறையிலிருந்து அந்தக் குரல் கூப்பிட்டால் உள்ளே போகத் தயங்கினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பால்காரம்மாள் கேட்ட அன்றே அக்கா மாத்திரைகளைக் கொல்லை மணலில் புதைத்தாள். மயிலாப்பூர் சித்த வைத்தியர் ஒருவரிடம் போய், மாத்திரைப் பேச்சே எடுக்காமல் மூலிகை வாங்கி வந்தாள். மூன்றாம் நாள் மதியம் எழ முடியாமல் கிடந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது. "கண்ணாடியில நிக்கிறவளைப் போகச் சொல்லு தம்பி" என்றாள், பர்மிய மொழியில். அந்த அறையில் கண்ணாடியே இல்லை.

ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்தார்கள். "ஒரேயடியா நிறுத்தினா ஆளே போயிடும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்" என்றார் டாக்டர். நடந்ததைக் கேட்ட வைத்தியரும் அதிர்ந்துபோனார். "முதல்லயே சொல்லியிருக்கணுமேம்மா. டாக்டர் சொல்றபடி குறையுங்கோ. கூடவே இதையும் பண்ணுங்கோ." அக்கா அதிமதுரக் கஷாயத்தால் வாய் கொப்பளித்துத் துப்பினாள், கற்றாழைச் சோற்றைத் தடவினாள். மாத்திரை குறையக் குறையப் பழைய முகம் மெல்ல மேலே வந்தது. கோடுகள் போகவில்லை. எரிச்சல் தாங்குமளவில் நின்றது. இப்போது ரசம் குடிக்கிறாள்.

உப்பியிருந்த நாட்களில் எடுத்த போட்டோ ஒன்றை ரங்கூனில் தங்கிவிட்ட தங்கைக்கு அனுப்பியிருந்தேன். சென்ற வாரம் பதில் வந்தது. "மதராஸ் தண்ணீர் அக்காவுக்கு ஒத்துக்கொண்டது போலும். நாம் பிறந்த வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். குழந்தைகள் பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறார்கள்."

வேறு போட்டோ எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டேன். அக்கா கடிதத்தை வாங்கி இன்னொரு முறை படித்தாள்.

"வேண்டாம் தம்பி," என்றாள் பிறகு. "நமக்குத்தான் அங்க திரும்பிப் போக முடியல. கண்ணாடியில நின்னவளாவது வீடு போய்ச் சேர்ந்தாளே."