பிரேக் அக்காவும் ஐந்து வகைப் பாலும்

"அந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுல வண்டியைச் சொருகுங்க தம்பி. பின்னாடி தூண் இருக்கு, அதுவும் பாவம், ஏற்கெனவே அடிபட்டது" என்று சொல்லியபடியே சீட் பெல்ட்டைக் கழற்றத் தொடங்கிவிடுவார் பிரேக் அக்கா. வண்டி நேராக நின்றால், "பரவாயில்லையே!" கோணலாக நின்றால், "வந்து சரி பண்ணிக்கலாம்." எப்படி நின்றாலும் அடுத்த நிமிடம் அவர் சூப்பர் மார்க்கெட்டுக்குள் இருப்பார்.

ஊரில் மற்ற ஓட்டுநர் பள்ளிகளெல்லாம் வெட்டவெளி மைதானத்தில் கம்பு நட்டுப் பயிற்சி கொடுக்கின்றன. அக்கா மட்டும் கடை வாசல்களில் கொடுக்கிறார். இன்று இந்தக் கடை, நாளை அந்தக் கடை. அவரிடம் படித்தவர்கள் நெடுஞ்சாலையில் திக்கித் திணறலாம். பார்க்கிங்கில் எங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. நாற்பத்தாறு வயதில் கார் ஓட்டக் கிளம்பி, இரண்டு முறை தேர்வில் மண்ணைக் கவ்விய நான் சொல்கிறேன், நம்பலாம்.

அக்காவுக்கு அறுபதை நெருங்கும் வயது. குள்ளம். இருக்கையில் ஒரு தலையணையைப் போட்டு அதன்மேல் அமர்ந்துதான் சாலையைப் பார்ப்பார். பயிற்சிக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டல்லவா, வருடக்கணக்காக அதன்மேல் வைத்த கால் இப்போது வீட்டு நாற்காலியிலும் சும்மா இருப்பதில்லை. யாராவது எக்குத்தப்பாகப் பேச ஆரம்பித்தால் அந்தக் கால் தரையை ஓர் அமுக்கு அமுக்கும். பெயர் வந்தது அப்படித்தான்.

கடைக்குள் அவர் தேடிப் போவது ஒன்றே ஒன்றை: வீகன் அலமாரியில் புதிதாக என்ன வந்திருக்கிறது? அக்கா வீகன். மாமிசத்தைக் கேட்கவே வேண்டாம். பால், தயிர், வெண்ணெய், முட்டை, தேன் ஒன்றும் கிடையாது. பொட்டலத்தைக் கையில் எடுத்தால் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். நேராக முதுகுப்பக்கம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பொடி எழுத்தைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் படிப்பார். "முன்னாடி எல்லாரும் சிரிச்சுட்டுத்தான் இருப்பாங்க. பின்னாடி போனாத்தான் ஆளு யாருன்னு தெரியும்."

ஏன் இப்படி ஆனார் என்று ஒரு சிக்னலில் நின்றபோது கேட்டேன். சிக்னல் பச்சையாவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். "சின்ன வயசுல ஒரு மாட்டுப் பண்ணைக்கு வேன் ஓட்டிட்டு இருந்தேன். ஒருநாள் கன்னுக்குட்டியை ஏத்தி அனுப்பினாங்க. கேட்டைத் தாண்டினதும் கண்ணாடில பாக்கறேன், தாய்ப்பசு பின்னாலயே ஓடி வருது. ஓட்டறவ கண்ணாடியைப் பாக்காம இருக்க முடியுமா? அதோட சரி. கியரைப் போடுங்க, பின்னாடி ஹாரன் அடிக்கறான்." அவ்வளவுதான். இதைப் பற்றி யாருக்கும் அவர் உபதேசம் செய்து நான் கேட்டதில்லை.

அந்தக் காலத்தில் வீகனாக இருப்பது சாமானியப்பட்ட வேலையில்லை. அப்போது கடையில் கிடைத்தது ஒரே ஒரு சோயாப் பால். அதுவும் கீழ்த்தட்டில், கொசுவர்த்திக்குப் பக்கத்தில், தூசி படிந்து கிடக்குமாம். "ஊற வெச்ச பயறைக் கழுவின தண்ணி மாதிரி இருக்கும் தம்பி. மூக்கைப் பிடிச்சுட்டுத்தான் குடிக்கணும்." வேலை செய்த இடங்களில் எல்லோரும் டீயும் பிஸ்கட்டுமாக அரட்டை அடிக்கையில், இவர் ஒரு ஓரத்தில் கடுங்காப்பியோடு நின்றிருக்கிறார். மகளின் பிறந்தநாளுக்கு முட்டையும் வெண்ணெயும் இல்லாமல் வீட்டிலேயே கேக் செய்தார். வெட்டப் போன கத்தி வளைந்துவிட்டது. வந்திருந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இதைச் சொல்லும்போது அக்காவுக்கும் சிரிப்புதான் வருகிறது. ஆனால் சிரித்து முடித்ததும் ரொம்ப நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வருவார்.

இப்போது அவருக்கென்று ஆள் உயரத்துக்கு அலமாரியே இருக்கிறது. பாலில் மட்டும் ஐந்து வகை: சோயா, ஓட்ஸ், பாதாம், தேங்காய், பட்டாணி. முந்திரியில் செய்த சீஸ், முட்டையில்லாத மயோனைஸ், தேங்காய்ப்பால் ஐஸ்கிரீம். ஒவ்வொன்றுக்கும் அக்காவிடம் தீர்ப்புத் தயார். பாதாம் பாலுக்கு, "பாதாம் பக்கத்துத் தெருவுல இருந்து எட்டிப் பாத்துட்டுப் போயிருக்கு." சீஸ் வகையில் ஒன்றுக்கு, "அடுப்புல வெச்சா உருகாது, முறைக்கும்." பட்டாணிப் பாலை டீயில் ஊற்றியபோது அது திரிந்து போனதைச் சொந்தக்காரரின் துரோகம் மாதிரி விவரித்தார். நல்லதையும் விடமாட்டார். முதன்முதலாக நுரை கட்டிய காப்பி குடித்த அன்று வகுப்பு முழுக்க என்னை ஒரு திட்டுக்கூடத் திட்டவில்லை. நான் நடைபாதைமேல் ஏற்றியும் திட்டவில்லை!

எல்லாம் வரம்தான் என்றும் சொல்ல முடியாது. முன்பெல்லாம் அக்கா காயும் கீரையும் பருப்புமாக வகைவகையாகச் சமைத்தவராம். இப்போது சில நாள் இரவுச் சாப்பாடு அட்டைப்பெட்டியிலிருந்து நேராகத் தட்டுக்கு வருகிறது. கேட்டால், "இத்தனை வருஷம் எல்லாத்தையும் நானே அரைச்சு நானே வடிகட்டினேன். கொஞ்ச நாள் சோம்பேறியா இருந்துக்கறேனே" என்கிறார். நியாயம்தான். சோம்பேறித்தனம் என்ன, பாலும் முட்டையும் சாப்பிடுகிற எங்களுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்ததா?

இவ்வளவு வந்தும் ஒரு வீட்டில் மட்டும் அவர் இன்னும் கை நனைக்கவில்லை. அது மகள் வாழப்போன வீடு. அங்கே சம்பந்தியம்மா ஒரு பெரிய மாணவர் விடுதியின் சமையலறையைக் கட்டி ஆண்டு ஓய்வு பெற்றவர். வந்தவர்களுக்கு வயிறு நிறையப் போட்டுப் பார்ப்பதுதான் அவருக்கு மரியாதை, பாசம், பொழுதுபோக்கு எல்லாமே. அக்கா போகும்போதெல்லாம் அந்த மேஜை முன் உட்கார்ந்து, பையிலிருந்து தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துத் திறப்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே கதை. சம்பந்தியம்மா வாய்விட்டு ஒன்றும் சொன்னதில்லை. டப்பா மூடி திறக்கிற சத்தம் கேட்டதும் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாராம்.

சென்ற மாதம் மகளின் போன் வந்தபோது நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். கார் ஸ்பீக்கரில் வந்ததால் எனக்கும் கேட்டது. "அம்மா, ஞாயித்துக்கிழமை அத்தை உன்னைக் கூப்பிட்டிருக்காங்க. உனக்குன்னே எல்லாம் கேட்டு விசாரிச்சுப் பண்றாங்க. இந்தத் தடவையும் டப்பாவைத் தூக்கிட்டு வந்தேன்னா, நீ வரவே வேண்டாம். அவங்க மூஞ்சியை என்னால பாக்க முடியல."  அக்காவின் கால் பிரேக்கை அமுக்கியது. நடுச்சாலையில் வண்டி குலுங்கி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை என்னையே ஓட்டச் சொன்னார். "இன்னிக்கு லாங் டிரைவ் வகுப்பு" என்று பெயர். கையில் பர்ஸ் மட்டும்தான், பை இல்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது வயிறு போட்ட சத்தத்திலேயே தெரிந்தது. "வெறும் கையோட சாப்பாட்டுக்குப் போறது எப்படி இருக்கு தெரியுமா தம்பி? ஸ்டெப்னி இல்லாம வண்டி எடுத்த மாதிரி இருக்கு."

சம்பந்தியம்மா வாசலுக்கே வந்துவிட்டார். நல்ல உயரம், கணீரென்ற குரல். அக்காவின் வெறும் கைகளை ஒரு பார்வை பார்த்ததும் அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன். "வாங்க சம்பந்தி! தம்பி, நீங்களும் வாங்க, டிரைவர்னா வெளிய நிக்கணுமா என்ன?" மாப்பிள்ளை வெளியூர் போயிருந்தார், மகள் சமையலறையில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேஜையில் எல்லாம் தயாராக இருந்தது. வெள்ளை வெளேரென்று காளான் சூப். மசித்த உருளைக்கிழங்கு. பழம் போட்ட கஸ்டர்ட், கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதத்தில்.

"எல்லாத்துலயும் பால் இல்லாத பாலை ஊத்தியிருக்கேன். தாராளமா!" என்றார் சம்பந்தியம்மா.

கை கழுவச் சமையலறைப் பக்கம் போன அக்காவின் கண்ணில் காலி அட்டைப்பெட்டிகள் பட்டன. பழக்கம் விடுமா? ஒன்றை எடுத்து முதுகுப்பக்கம் திருப்பினார். பின்னால் நின்ற நானும் முன்பக்கத்தைப் பார்த்தேன். பெரிய எழுத்தில் 'லாக்டோஸ் இல்லாதது' என்று போட்டிருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்காவுக்கு விளங்கிவிட்டது. மகளுக்கும் அம்மாவின் முகத்தைப் பார்த்தே விளங்கிவிட்டது. "அம்மா, ப்ளீஸ்" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். இந்த ஒரு வேளை, தெரியாத மாதிரி சாப்பிட்டுவிடேன் என்கிற கெஞ்சல் அது. 

அக்காவின் கால் தரையை அமுக்கியது. பெட்டியைக் கீழே வைத்தார்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. இது மாட்டுப் பால்தான்."

"அதெப்படி? இல்லாததுன்னு போட்டிருக்கே! லாக்டோஸ்னா பால் சமாச்சாரம்தானே?"

"பாலுக்குள்ள இருக்கற சர்க்கரை அது. பால் குடிச்சா வயித்துக்கு ஒத்துக்காதவங்களுக்காக அதை மட்டும் இல்லாம பண்ணிடுவாங்க. மத்தபடி பால் பால்தான்."

சம்பந்தியம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. சூப்பைப் பார்த்தார், உருளைக்கிழங்கைப் பார்த்தார், கஸ்டர்டைப் பார்த்தார். "மூணுலயும் ஊத்திட்டேனே" என்றார். கணீர்க் குரல் எங்கே போனதோ. மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவ்வளவுதான், இனி இந்த வீட்டு வாசல் அக்காவுக்கு இல்லை என்றே நான் முடிவு கட்டிவிட்டேன்.

அக்கா பர்ஸை எடுத்தார். "தம்பி, சாவி எங்க? சம்பந்தி, செருப்பைப் போடுங்க. கடைக்குப் போயிட்டு வந்துடலாம்."

"இப்பவா? எல்லாம் ஆறிப் போகுமே!"

"அதை இவங்க ரெண்டு பேரும் சாப்பிடட்டும். எனக்கு நீங்க இன்னொரு தடவை பண்ணிக் கொடுங்க. பசிக்குது."

அந்தப் 'பசிக்குது' வேலை செய்தது. பசி என்று சொன்னவர்களை அந்த அம்மா வாழ்நாளில் விட்டதில்லை போலும். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அலமாரி முன் நின்றதும் சம்பந்தியம்மா மலைத்துப் போனார். "இவ்வளவு இருக்கா? நான் அந்தக் கோடில பால் இருக்கற இடத்துலயே தேடிட்டு இருந்தேன்." பிறகு அவருக்குள் இருந்த விடுதிச் சமையல்காரி விழித்துக்கொண்டார். பெட்டியைக் குலுக்கிக் காதருகே வைத்துப் பார்த்தார். எது கொதித்தால் திரியும், எதில் கொழுப்பு அதிகம், எதில் சர்க்கரை சேர்த்திருக்கிறான் என்று கேள்வி மேல் கேள்வி. அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். என்னைப் போன்ற மக்குகளிடம் தீர்ப்புச் சொல்லிச் சொல்லி அலுத்தவர், விஷயம் தெரிந்த ஆள் கிடைத்ததில் முகம் மலர்ந்திருந்தார். இரண்டு பேரும் பேசிய பேச்சில் நான் ஒருவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு நிற்பதையே மறந்துவிட்டார்கள்.

கடைசியில் சம்பந்தியம்மா ஓட்ஸ் பாலை எடுத்தார். "சோயா கெட்டியா வரும்னு நினைக்கறேன்" என்று அக்கா மெல்ல இழுத்தார். "வேண்டாம் சம்பந்தி. எனக்கு அந்த வாசனை ஆகாது. நானும் உங்க கூட உக்காந்து இதையேதானே சாப்பிடப் போறேன்?"

அக்கா அந்த ஓட்ஸ் பாலை வாங்கி வண்டியில் வைத்தார். அவருடைய சாப்பாட்டை அவரோடு சாப்பிடுவதாக இதுவரை யாரும் சொன்னதில்லை. பில் போடும் வரிசையில் என்னைக் குனியச் சொல்லி, காதருகே, "இதுல கஸ்டர்ட் இறுகாது தம்பி. நான் நாலு தடவை பண்ணிப் பாத்தாச்சு" என்றார்.

"சொல்லுங்களேன் அக்கா!"

"சும்மா இருங்க. இன்னிக்கு ஒரு தடவை சொல்லியாச்சு."

திரும்பி வந்ததும் அடுப்பு மறுபடி பற்றியது. நான் உருளைக்கிழங்கு உரித்தேன். தோலோடு பாதிக் கிழங்கும் போகிறது என்று இரண்டு சம்பந்திகளிடமும் திட்டு வாங்கினேன். மகள் காளான் நறுக்கினாள். சூப் நன்றாகவே வந்தது. உருளைக்கிழங்கும் சோடை போகவில்லை. ஒரே மேஜையில், ஒரே பாத்திரத்திலிருந்து, நான்கு பேரும் சாப்பிட்டோம். பால் ஊற்றிய முதல் சமையலை யாரும் தொடவில்லை. நானும் தொடவில்லை, இத்தனைக்கும் அந்தக் கஸ்டர்ட் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

புதிய கஸ்டர்ட் கடைசியில் வந்தது. சம்பந்தியம்மா கரண்டியை விட்டு அள்ளினார். அது கரண்டியிலிருந்து தண்ணீராக ஒழுகிக் கிண்ணத்தில் விழுந்தது. இன்னொரு முறை அள்ளினார், அதுவும் ஒழுகியது. "எத்தனை ஆயிரம் பேருக்குச் சமைச்ச கை, இன்னிக்குன்னு பாத்து இப்படி மானத்தை வாங்குதே" என்று முணுமுணுத்தார். கண் கலங்கிவிட்டது. மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

அக்கா ஸ்பூனை ஓரமாக வைத்தார். தன் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, அண்ணாந்து, மடக் மடக்கென்று குடித்தார். பழத்துண்டுகளை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டார். மேலுதட்டில் மஞ்சளாக மீசை நின்றது, அதைத் துடைக்கவும் இல்லை. காலிக் கிண்ணத்தைச் சம்பந்தியின் முன்னால் நீட்டினார்.