சலவைக்கூடத்துத் தலைவர்

என் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். படுக்கை விரிப்புகளை இயந்திரத்தில் திணித்துக் கதவைச் சாத்திவிட்டால், அது சுற்றி முடிக்கும் வரை கை சும்மாதான் இருக்கும். அந்த நேரத்தில்தான் போனில் கோட்டை பிடிக்கிற விளையாட்டைப் பழகினாள். முகம் தெரியாதவர்கள் எங்கெங்கோ இருந்துகொண்டு கூட்டுச் சேர்ந்து ஆடுவார்கள். வாயால் பேசவும் வழி உண்டு; இவள் எழுதுவதோடு சரி. அங்கே இவள் வைத்துக்கொண்ட பெயர் 'இடி'. இவள்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவர். எல்லோரும் 'அண்ணா' என்றுதான் கூப்பிட்டார்கள்.

இவள் அதைத் திருத்தாததற்குக் காரணம் உண்டு. சேர்ந்த புதிதில், ஆட வந்த ஒரு பெண்ணை எவனோ, "போய் அடுப்பைப் பாரும்மா" என்று விரட்டியதைப் பார்த்துவிட்டாள். ஆனால் விளையாட்டை நடத்துகிற கம்பெனி கேட்டபோது பெயர், வயது, வேலை எல்லாம் உள்ளபடியே கொடுத்திருந்தாள்.

"அண்ணான்னு அவங்களா நினைச்சுக்கிட்டா அது அவங்க பாடு. கேட்ட இடத்துல பொய் சொன்னா கடவுளுக்கு அடுக்காதுங்க" என்பாள். எனக்கும் அது சரியாகவே பட்டது.

போன வாரம் அந்தக் கம்பெனியில் திருட்டு நடந்தது. பணம் போகவில்லை, ஆடுகிறவர்களின் விவரம் போனது. திருடியவர்கள் அதை ஊர் பார்க்க இணையத்தில் கொட்டிவிட்டார்கள்.

நான் பதறிப்போய், "பேங்க் கார்டு நம்பரைக் கொடுத்தியா?" என்றேன்.

"காசு கட்டி ஆடுற மூஞ்சியா இது? அதெல்லாம் இல்லீங்க. என் வயசும் வேலையும்தான் சந்திக்கு வந்துடுச்சு. இனிமே என் பின்னால எவன் வருவான்?"

போனைக் குப்புறப் போட்டுவிட்டுத் துணி மடிக்க உட்கார்ந்தாள். மடித்ததையே பிரித்துத் திரும்ப மடித்தாள். என் பிரார்த்தனையில் அன்றுதான் முதல் முறையாக ஒரு விளையாட்டையும் சேர்த்துக்கொண்டேன்.

சற்றுக் கழித்து, "என்ன எழுதியிருக்காங்கன்னு நீங்களே பாருங்க. எனக்கு தைரியம் இல்ல" என்றாள்.

நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். கம்பெனிக்காரனை விடக்கூடாது, கேஸ் போடணும் என்று ஒருவன் குதித்திருந்தான். 'பாஸ்வேர்டா எங்க நாய் பேரை வெச்சிருந்தேன். இப்ப நாய்க்கும் பேரை மாத்தணும் போல' என்று இன்னொருவன் புலம்பியிருந்தான். 'கழுகு' என்கிறவன், 'என் வயசைப் பார்த்தீங்களா? நூத்தி முப்பதுன்னு போட்டிருக்கேன்! ஆனா இடி அண்ணாதான் கில்லாடி. ஐம்பத்திரண்டு வயசு, பொம்பளை, சலவைக்கூடத்துல வேலையாம். யாருக்குய்யா இப்படித் தோணும்!' என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே ஒரே சிரிப்பு.

"அட, ஒருத்தனும் நம்பலை. தப்பிச்சே போ" என்றேன்.

அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"இத்தனை நாள் சும்மா இருந்தது வேறங்க. இப்பவும் வாயை மூடிக்கிட்டிருந்தா அது பொய்தானே?"

நான் பதில் சொல்வதற்குள் போனை வாங்கிப் பேசுகிற பட்டனை அமுக்கிவிட்டாள்.

"தம்பிங்களா, அந்த விவரம் நிஜம்தான். சலவைக்கூடத்து அம்மாதான் நான்."

நான் கடவுளைக் கூப்பிட்டபடி நின்றேன்.

"அப்போ..." என்று ஒரு குரல் இழுத்தது. கழுகுதான். "கோட்டை வாசல்ல தூங்குறியாடா எருமைன்னு எழுதினது நீங்களா?"

"ஆமாம்ப்பா. கோபத்துல வந்துடுச்சு."

"எங்கம்மா திட்டுற மாதிரியே இருந்துச்சுக்கா. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்!"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். நாய்க்காரன் குறுக்கே புகுந்தான்.

"அதை விடுடா. அக்கா, சாயங்காலம் வடக்குக் கோட்டையை அடிக்கணும். வருவீங்களா, இல்ல துணி கிடக்கா?"

"துணியும் கிடக்கு, நானும் வரேன். கழுகை முதல்ல வாசல்ல முழிச்சிருக்கச் சொல்லு."

பாதி மடித்த விரிப்பை என் கையில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே மடித்தேன். எனக்கு ஓரத்தோடு ஓரம் சேரவில்லை. மற்ற நாளாயிருந்தால் பிடுங்கித் தானே மடித்திருப்பாள். அன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.