பொடியன் வரைந்த தலைகள்

சலூன்காரரை அந்தத் தெருவில் எல்லோரும் அளவுகோல் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கைபட்டால் இரண்டு கிருதாவும் நூல் பிடித்த மாதிரி இருக்கும். எதிர்க்கடைப் பலகை கொஞ்சம் சாய்ந்து தொங்கினால்கூட அவருக்குச் சோறு இறங்காது.

அவருடைய இளைய மகன்தான் பொடியன். ஆறு வயதில் ரத்தப் புற்றுநோய் அவனைக் கொண்டுபோய்விட்டது. சிகிச்சையில் முடி கொட்டியபோது பொடியன் அழவில்லை. ஒரு நோட்டும் பேனாவும் கேட்டான். வார்டில் இருந்த மொட்டைத்தலைப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் முடி முளைத்ததும் எப்படி வெட்டிக்கொள்ள வேண்டும் என்று அதில் வரைந்து தள்ளினான். ஒரு தலையில் மீன் நீந்தியது, இன்னொன்றில் ஏணி ஏறியது. "எங்கப்பா வெட்டிவிடுவாரு, ஓசிலதான்" என்று அப்பாவைக் கேட்காமலே வாக்கும் கொடுத்துவைத்தான்.

அந்த வார்டில் கூட இருப்பவர்கள் படுக்க இடம் கிடையாது. அவன் அம்மா ஐந்து மாதமும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் தூங்கினாள். அதனால் அவன் போனபிறகு, வருடாவருடம் அவன் பிறந்தநாளில் வீட்டார் ஒரு காரியம் செய்தார்கள். நோட்டில் இருக்கும் தலைகளில் ஒன்றை யார் வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்து வெட்டிக்கொள்ளலாம். முடிந்ததை உண்டியலில் போடலாம். சேருவது முழுக்க வார்டுக்கு மடக்குக் கட்டில் வாங்க.

போன வருடம் கூட்டம் வந்தது, கட்டிலும் வாங்கினார்கள். ஆனால் அளவுகோலின் கை சும்மா இருக்குமா? கோணல் எல்லாவற்றையும் நிமிர்த்திவிட்டது. மீனை வைத்துக்கொள்ளலாம் என்று வந்தவர்கள் மாப்பிள்ளை மாதிரி எழுந்துபோனார்கள். அவருடைய மூத்த மகளுக்கு மட்டும் முகம் விழுந்துவிட்டது.

இந்த வருடம் கடை திறக்கும்போதே அவள் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்தத் தடவையும் திருத்தினீங்கன்னா, நோட்டு இனிமே கடைக்கு வராதுப்பா. சொல்லிட்டேன்."

"நான் எங்கம்மா திருத்தினேன்? கொஞ்சம் ஒழுங்குபண்ணினேன்."

"அதைத்தான் சொல்றேன்."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் உண்டியலைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தாள். அந்தப் பக்கமிருந்து உதவி வராது என்று தெரிந்துபோனது.

முதல் ஆளாக பஸ் கண்டக்டர் வந்து உட்கார்ந்தார். நோட்டைப் புரட்டி ஏணியைத் தொட்டார்.

"இதைப் போடுங்கண்ணே. நாளைக்கு என் பஸ்ல ஒருத்தனும் தூங்கக்கூடாது."

அளவுகோல் மெஷினை எடுத்தார். காதுக்கு மேலே முதல் படி, அதற்கு மேலே இரண்டாவது, மூன்றாவது. மகள் நோட்டைக் கண்டக்டரின் தலைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"மூணும் ஒரே அளவு. அவன் வரைஞ்சது இப்படியா இருக்கு?"

"சின்னப் பிள்ளை, கை கோணியிருக்கும். அதை அப்படியேவா வெட்டறது?"

"கை ஒண்ணும் கோணலைப்பா. ஊசி குத்தின கையாலதான் வரைஞ்சான். வலிச்சா நிறுத்துவான், அப்புறம் விட்ட எடத்துலேர்ந்து போடுவான். இங்க பாருங்க, இங்கயும் நின்னிருக்கான்."

அளவுகோல் மெஷினை அணைத்தார். அந்த ஐந்து மாதமும் ஆஸ்பத்திரி செலவுக்காகப் பகல் முழுக்க அவர் கடையில்தான் நின்றார். பொடியன் வரைந்ததை அவர் ஒருநாளும் கூட இருந்து பார்த்ததில்லை. நோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். கோடு நின்ற இடத்தில் எல்லாம் ஒரு மைப்பொட்டு இருந்தது. ஏணியில் மட்டும் ஏழு பொட்டு.

"அண்ணே, பாதித் தலையோட விட்டுடாதீங்க" என்றார் கண்டக்டர், மெதுவாக.

அளவுகோல் மெஷினை இடது கைக்கு மாற்றினார். கண்டக்டர் அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"அது உங்க சோத்துக்கை இல்லையே."

"இல்ல. சோத்துக்கைக்குச் சொன்னாப் புரியல."

"காது ரெண்டும் எனக்கு வேணும்ணே. ஸ்டாப் கேட்டு கத்தறது காதுல விழணும்."

"ஆடாதீங்க, ரெண்டும் இருக்கும்."

முதல் படியிலிருந்தே மறுபடி தொடங்கினார். மெஷின் இரண்டு விரல் தூரம் போகும், நிற்கும். அவர் நோட்டைப் பார்ப்பார். மறுபடி போகும். ஏழு இடத்திலும் நின்றது. அரைமணி நேரம் ஆனது. முடிந்தபோது ஏணி ஒரு பக்கமாகச் சரிந்து, கடைசிப் படி உச்சந்தலைக்கு ஏறுவதற்குள் களைத்துப்போன மாதிரி நின்றது. மகள் நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், தலையைச் சுற்றிவந்து இன்னொரு தடவையும் பார்த்தாள்.

கண்டக்டர் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பினார். "என் பொண்டாட்டி கேட்டா என்னண்ணே சொல்லட்டும்?"

"எம் பையன் வெட்டினான்னு சொல்லுங்க" என்றார் அளவுகோல்.

உண்டியலில் ரூபாய் நோட்டைத் திணித்துவிட்டு, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையை ஊருக்கே காட்டியபடி கண்டக்டர் இறங்கிப்போனார். வரிசையில் அடுத்து நின்றவர் மகளின் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். போகும் தலையைப் பார்த்ததும் ஓர் எட்டு பின்வாங்கினார்.

"ஏம்மா, இதுல அடக்கமா ஏதாவது இருக்கா?"

"எம் பையன் அடக்கமா இருந்ததே கிடையாது சார்" என்று பொடியனின் அம்மா சிரித்தாள். "உக்காருங்க."

மகள் பக்கத்தைத் திருப்பி, நோட்டைக் கண்ணாடியில் சாய்த்துவைத்தாள். மீன் வந்திருந்தது.