மாஸ்டரின் கறுப்புக் காரும் என் ஸ்ப்ரே போத்தலும்

கார் மினுக்குகிற அந்த மருந்துக் கேனைத் திறந்தால் தோடம்பழ இனிப்பு மாதிரி மணக்கும். ஒரு மூடி மருந்து, ஒரு போத்தல் உப்பில்லாத பற்றரித் தண்ணீர், நாலு குலுக்கு... கழுவிய காரில் மெல்லியதாக அடித்துத் துடைத்தால் பெயின்டில் முகம் பார்க்கலாம்.

சாய்ந்தமருதில் நான் கார் கழுவும் கடை போட்ட புதிது. ரெடிமேட் ஸ்ப்ரே வாங்கிக் கட்டுப்படியாகாது. நானே கலப்பேன். பெரிய விஞ்ஞானி என்ற நினைப்பு வேறு.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்குப் படிப்பித்த மாஸ்டர் தன் கறுப்புக் காரோடு வந்தார். அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு மகளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளையை அந்தக் காரில்தான் கூட்டி வர வேண்டும்.

"பளபளண்டு இருக்கணும் தம்பி. மருமகன் முதல் முதல் நம்மட வாசலுக்கு வாறார்."

"பயப்படாதீங்க சேர். அதுல பாத்துத் தலை சீவலாம்."

கழுவி முடித்து ஸ்ப்ரே கலக்கப் போனால் பற்றரித் தண்ணீர் இல்லை. குழாயிலும் தண்ணீர் நின்றுவிட்டது. வாங்கி வர மெயின் வீதிக்குப் போக வேண்டும், ஜும்ஆத் தொழுகைக்கும் நேரமாகிறது... கடைக்குப் பின்னால் கிணறு இருந்தது. கடற்கரைக் கிணறு, உப்புக் கரிக்கும் சவர்த்தண்ணீர். அதைக் காய்ச்சினால் கேத்தல் அடியில் வெள்ளையாகப் படியும். தெரிந்துதான் அள்ளினேன்.

நிழலில் கார் மின்னியது. மாப்பிள்ளை வீட்டு வாசலில் வெயிலில் நின்ற பிறகு பொனட் முழுக்க வெள்ளைத் திட்டுகளாம். படம் எடுக்கிற நேரத்தில் மாஸ்டரே தன் கைலேஞ்சியால் துடைத்தாராம்.

மறுநாள் வந்தார். கோபப்படவில்லை.

"தம்பி, அந்த ஸ்ப்ரேல ஏதும் பிழையோ?"

"ஸ்ப்ரேல ஒண்டுமில்ல சேர். காரைக் கடற்கரையில கனநேரம் நிப்பாட்டினீங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "ஓம்... வியாழக்கிழமை ஒலுவில் துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போனன்."

"அதான். உப்புக் காத்து பெயின்டுல இறங்கிட்டு."

பொய் அவ்வளவு லேசாக வந்தது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மீனுக்கு பஸ்ஸில்தான் போவார். கார் வீட்டில் நிற்கும், அவர் மீன் பையோடு வெயிலில் நடந்து வருவார். நான் கடைக்குள் குனிந்து ஏதாவது தேடுவேன்.

சில வருடங்கள் கழித்து ஹஜ்ஜுக்குப் புறப்படும் முன், ஊர் வழக்கப்படி எல்லோரிடமும் பயணம் சொல்லி மாப்புக் கேட்டு வந்தார். என் கடைக்கும் வந்தார்.

"தம்பி, உங்கட ஸ்ப்ரேல ஒருநாள் சந்தேகப்பட்டுட்டன். மாப்பு செய்ங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாடிக்கையாளர்கள் நின்றார்கள்... "என்ன சேர் இது, அதெல்லாம் ஒண்டுமில்ல" என்றேன். பிழை செய்தவனும் நான், மன்னித்தவனும் நான். வெட்கம் கெட்டவன்.

திரும்பி வந்தவர் பேரீச்சம்பழமும் சின்னப் போத்தலில் ஸம்ஸம் தண்ணீரும் தந்தார். "உங்களுக்கும் துஆ கேட்டன்" என்றார்.

இப்போது நான் வாங்குவதெல்லாம் கலந்தே வரும் ரெடிமேட் ஸ்ப்ரேதான். ஆனாலும் பற்றரித் தண்ணீர் இரண்டு கேன் எப்போதும் நிறைத்து வைத்திருக்கிறேன். மேல் தட்டில் அந்த ஸம்ஸம் போத்தல் இருக்கிறது. இன்னும் திறக்கவில்லை.

மாஸ்டர் வீடு என் கடையிலிருந்து மூன்றாவது ஒழுங்கை. உங்கள் எல்லோருக்கும் இதை எழுதிவிட்டேன்... அவர் முகநூல் பார்ப்பதில்லை. தெரிந்துதான் எழுதுகிறேன்.