மச்சாள் போட்ட சியான் பயணத் திட்டம்

கோட்டை வாசல் பின்னேரம் எத்தனை மணிக்குப் பூட்டப்படும்? வெளிநாட்டவர் எந்த வாசலால் வரவேண்டும்? வாசலில் காட்டுவதற்கு யாருடைய கடிதம் தேவை? சீனாவின் சியான் நகரத்திலுள்ள ஒரு சிறு விடுதிக்கு நாங்கள் எழுதிய முதல் மின்னஞ்சலில் இருந்த கேள்விகள் இவைதாம். மச்சாள் என் மேசைக்குப் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, நான் ஆங்கிலத்தில் தட்டினேன். அந்தக் கேள்விகளில் எனக்கும் ஒரு பிழையும் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. சுற்றிவர மதில், நாலு பக்கமும் வாசல் என்று படித்தால் வேறு எதை நினைப்பது? போர் முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகியும் எங்களுக்கு வாசல் என்றால் சோதனைச் சாவடிதான்.

மச்சாள் என் அண்ணனின் மனைவி. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டுக்குப் போய்விடுவான். அண்ணனும் மட்டக்களப்புப் பட்டணத்தில் இருந்த எங்கள் வீட்டை விட்டு, பாலத்துக்கு அப்பால் கல்லடியில், கடலுக்குக் கிட்ட இருந்த மச்சாள் வீட்டுக்குப் போனார். வரலாறு படிப்பிக்கிற வாத்தியார். சியானில் மண்ணுக்கடியிலிருந்து தோண்டியெடுத்த சுடுமண் படைவீரர்களின் படமொன்றை அலுமாரிக் கதவில் ஒட்டிவைத்திருந்தார். ஆயிரக்கணக்கில் நிற்கிறார்கள், ஒருத்தன் முகம்போல இன்னொருத்தன் முகம் இல்லை என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் வேறு. சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் பாதைகள் திறந்ததும், ஒருமுறை போய்ப் பார்த்துவிட வேண்டுமென்று இருவருக்கும் பாஸ்போட் எடுத்தார். “அங்க மீன்குழம்பு கிடைக்குமா எண்டு முதல்ல கேளுங்க” என்று மச்சாள் பகிடி பண்ணுவார்.

சுனாமி வந்த காலையில் மச்சாள் எங்கள் அம்மாவைப் பார்க்கப் பட்டணத்துக்கு வந்திருந்தார். அண்ணன் விடைத்தாள் திருத்தவேண்டும் என்று வீட்டில் நின்றுவிட்டார். பிறகு அந்த வீடும் இல்லை, அலுமாரியும் இல்லை. மூன்றாம் நாள், எடுத்த உடல்களை ஒரு மண்டபத்தின் முற்றத்தில் கிடத்தியிருப்பதாக ஆட்கள் சொன்னார்கள். பார்க்கப் புறப்பட்ட மச்சாளின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா, “அவன் உயிரோட இல்ல எண்டு மட்டும் வந்து சொல்லிப்போடாத மகள்” என்றார். நான் போகவில்லை. அம்மாவோடு ஒரு ஆள் நிற்கவேண்டும் என்று காரணம் சொன்னேன். பயம்தான் காரணம், இனி மறைத்து என்ன! பொழுதுபடுகிற நேரம் மச்சாள் தனியாகத் திரும்பி வந்து, “அங்க இல்ல மாமி” என்றார். நாங்கள் கையெடுத்துக் கும்பிட்டோம்.

அதற்குப் பிறகு நான் தேடாத இடமில்லை. அண்ணனின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு முகாம் முகாமாக ஏறி இறங்கினேன். கோயில் சடங்கில் தெய்வம் ஆடுபவரிடம் வாக்குக் கேட்டேன். தெற்குத் திசையில் உயிரோடு இருக்கிறார் என்று வாக்கு வந்த வருடம் தேற்றாத்தீவுவரை வீடு வீடாக விசாரித்தேன். ஒவ்வொரு முறையும் மச்சாள் கூட வந்தார். பொட்டு வைத்து, தாலி போட்டு, தண்ணீர்ப் போத்தலும் குடையும் எடுத்துக்கொண்டு வருவார். வந்தால் வாயே திறக்கமாட்டார். புருசனைத் தேடுகிறவளுக்கு இல்லாத அக்கறை எனக்கு எதற்கு என்று மனதுக்குள் எத்தனையோ தரம் ஏசியிருக்கிறேன். எனக்கு வாய் நீளம். சில தரம் அவர் காது கேட்கவும் ஏசினேன்.

அம்மா ஏழு ஆண்டுகள் மகனுக்காகக் காத்திருந்து கண்ணை மூடினார். அடுத்த வருடம் ஒரு நாள் மச்சாள் வந்து, “நான் சீனாவுக்குப் போகப்போறன். உன்ட அண்ணன் ஆசைப்பட்ட ஊர். நீயும் வாறியா?” என்றார். வெயில் தலைக்கு ஏறிவிட்டதோ என்று பார்த்தேன். அவரோ கொப்பியில் கோடு போட்டுத் திட்டமே எழுதிவிட்டார். ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஐந்துக்கு அறைக்குத் திரும்புவது. அடையாள அட்டைப் பிரதி ஆளுக்கு ஆறு. கிராம சேவகர் கடிதம் ஒன்று, கோயில் தலைவர் கடிதம் ஒன்று. போர்க்காலத்தில் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்வர எவ்வளவு ஆயத்தம் செய்வோமோ, அதையே சீனாவுக்கும் செய்திருந்தார். விடுதியிலிருந்து பதில் வந்தது. வாசல்களை யாரும் பூட்டுவதில்லை, பேருந்துகளெல்லாம் அவற்றினூடாகத்தான் ஓடுகின்றன, கடிதம் எதுவும் வேண்டாம், மதிலின்மேல் சைக்கிள்கூட ஓட்டலாம் என்று எழுதியிருந்தார்கள். நான் தமிழில் சொன்னேன். மச்சாள் நம்பவில்லை. “ஒருத்தரும் மறிக்கமாட்டாங்களாமா? வடிவா வாசி புள்ள” என்று மூன்று தரம் வாசிக்கவைத்தார்.

திட்டத்தில் ஒரே ஒரு விசயம்தான் எனக்கு விளங்கவில்லை. மதில் இருந்தது, மணிக்கூண்டு இருந்தது, பழைய பள்ளிவாசல்கூட இருந்தது. சுடுமண் வீரர்கள் இருக்கும் இடத்தை மட்டும் எழுதி, பிறகு பேனையால் அழுத்தி வெட்டியிருந்தார். “என்னகா இது, அண்ணன் பாக்க ஆசைப்பட்டதே அதைத்தானே?” என்று கேட்டேன். “எனக்கு அது வேணாம். நீ போறெண்டாப் போ” என்றார்.

அடுத்த கிழமை விசாப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தோம். திருமண நிலை என்ற இடத்தில் நாலு கட்டங்கள். வழக்கம்போல ‘மணமானவர்’ என்பதில் பேனையை வைத்தேன். மச்சாள் என் கையைப் பிடித்தார். “அதில்ல. விதவை எண்டு போடு.”

“சீனா பாக்கிறதுக்காக என்ட அண்ணனைக் கொல்றீங்களா?” என்று கத்தினேன். அந்தச் சொல்லை இன்றுவரைக்கும் என்னால் திருப்பி எடுக்க முடியவில்லை. மச்சாள் அழவில்லை, கோபிக்கவுமில்லை. கதிரையை இழுத்து எனக்கு முன்னால் போட்டு இருந்தார்.

“அண்டைக்கு அந்த மண்டப முத்தத்தில நிரை நிரையாக் கிடத்தியிருந்தாங்க. நான் ஒவ்வொரு முகமாப் பாத்துக்கொண்டு போனன். கடைசி நிரையில கிடந்தார். அண்டைக்கே எல்லாரையும் ஒண்டாப் புதைக்கோணும் எண்டாங்க. நிண்டு ஒரு பிடி மண் போட்டுட்டுத்தான் வந்தன். வாசல் படலையடியில மாமி நிண்ட நிலையைப் பாத்தன். வாயில வரல்ல.”

“அம்மா போன மறுகாவாவது சொல்லியிருக்கலாமே!” என்றேன்.

“சொல்லத்தான் வந்தன். செத்தவீட்டுக்கு அடுத்த நாள் நீ என்ட மடியில கிடந்து, ‘அண்ணன் வந்து அம்மா எங்க எண்டு கேட்டா என்ன சொல்ற’ எண்டு அழுதாய். மறுகா எப்பிடிச் சொல்ற? இப்ப கடதாசி கேக்குது. கடதாசியில பொய் எழுத எனக்கு ஏலாது. அந்த மண்பொம்மையளை நான் ஏன் வெட்டினன் எண்டு இப்ப விளங்குதா? நிரையா மனிசரை ஒருக்காப் பாத்துட்டன். அதே காணும், இனி ஏலாது.”

எட்டு ஆண்டுகள். வாக்குக் கேட்ட கோயில்கள், ஏறிய பேருந்துகள், நான் ஏசிய ஏச்சுகள் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. மடிவரைக்கும் போகவில்லை, அவர் காலடியிலேயே விழுந்து அழுதேன். அண்ணன் செத்ததற்காக நான் அழுதது அன்றுதான். கட்டத்தில் அடையாளத்தை நானே போட்டேன். அந்தக் கிழமையே அந்தப் புதைகுழி இருந்த இடத்துக்குப் போய் விளக்கேற்றிவிட்டு, ஐயரை அழைத்து அண்ணனுக்குச் செய்யவேண்டிய கிரியைகளைச் செய்தோம். மச்சாள் தாலியைக் கழற்றி என் கையில் தந்தார். பயணச் செலவுக்கென்று நினைத்துவிடாதே, உன்னிடம் இருக்கட்டும் என்றார்.

சியானில் ஆறு நாள் நின்றோம். ஐந்தாம் நாள் நான் மட்டும் அந்தப் பெரிய மண்டபத்துக்குள் போனேன். மச்சாள் வெளியே இருந்துகொண்டார். தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி முதல் நிரையிலிருந்து பார்த்தேன். அண்ணன் சொன்னது உண்மைதான், ஒரு முகம்போல இன்னொன்று இல்லை. ஆட்கள் படம் எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். நான் ஒன்றையும் விடாமல், கண்ணுக்கு எட்டிய ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். பின்பக்கத்தில் சிலர் தலையில்லாமல் நின்றார்கள், சிலர் உடைந்து மண்ணில் கிடந்தார்கள். இதில் பாதி தூரம்கூட நடக்க அன்று எனக்குத் துணிச்சல் இருக்கவில்லை. மச்சாள் தனியாக நடந்திருக்கிறார், அதுவும் தன்னுடைய மனிசனைத் தேடி.

வெளியே வந்தேன். மச்சாள் எழும்பி வந்து என் தோளைப் பிடித்தார்.

“எல்லாரையும் பாத்தியா புள்ள?”

“கடைசி நிரை வரைக்கும் பாத்தன் மச்சாள். அண்டைக்கு உங்களோட நானும் வந்திருக்கோணும்.”

அவர் என் முகத்தைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

“இப்ப வந்திட்டாய்தானே” என்றார்.