குரல் கேக்குதா?

மனநலத் திட்டத்தால் எத்தனை பேர் தேறினார்கள் என்று அளக்க, அந்த அதிகாரி எங்கள் கரியாலூருக்கு வந்திருந்தார். கஞ்சி போட்ட சட்டை. கேள்விக்கு ஒருமுறை செல்போனைத் துடைப்பார். எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்கவே மாட்டார்.

யாருமில்லாத வீட்டில் குரல் கேட்கிறதென்று முன்பு அலறிய என் அக்கா, மாத்திரையால் தேறி, கொல்லைக்காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"குரல் கேக்குதா?" என்றார் அக்காவிடம்.

"நல்லா கேக்குதுங்க."

'குணமாகவில்லை' என்று செல்போனில் தட்டினார்.

"சார், நீங்க பேசறது காதுல வுழுதான்னு கேக்கறீங்கன்னு நெனச்சிக்கினு அக்கா சொல்லுது" என்றேன்.

"நீ குறுக்க பேசாத."

"வேற குரலு எதுவும் கேக்கறதில்லீங்க" என்றாள் அக்கா, உரக்கவே.

"அடுத்த ஆளு" என்றார்.

இல்லாத குரல் கேட்டதற்கு அக்காவுக்கு மாத்திரை கொடுத்தார்கள். இருக்கிற குரல் கேட்காத அந்த ஆளுக்கு என்னத்தைக் கொடுப்பார்கள்?