வெளியே இருந்த நிறை

தொண்ணூறுகளின் நடுவில் நான் மஸ்ஜித் தானா என்ற ஊரின் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. வீடு பாச்சாங்கில். காலையும் மாலையும் பஸ். சனிக்கிழமைகளில் முதுகலை ஆய்வுக்காகக் கோலாலம்பூருக்கு இன்னொரு பஸ். மூன்று வருடம் இப்படியே ஓடியதில், உட்கார்ந்த இடத்தில் தூங்குவதைத் தவிர வேறெதையும் உருப்படியாகக் கற்றேனா என்பது சந்தேகம்தான்.

ஆய்வு இதுதான். ஒரு கருந்துளை. அதைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் பெரிய கோளமாகப் பரவியிருக்கிறது. கருந்துளைக்கு அருகே ஒரு துகள் உள்ளே விழாமல் சுற்றக்கூடிய கடைசிப் பாதை எது? கரும்பொருள் இருந்தால் அந்தப் பாதை நன்றாகவே வெளியே தள்ளிப் போகிறது என்று கண்டுபிடித்திருந்தேன். பேராசிரியருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பட்டம் வந்தால் கல்லூரி வேலைக்கு மனுப் போடலாம், இந்த பஸ்ஸுக்கு ஒரு கும்பிடு போடலாம். இரண்டு முறை அவகாசம் வாங்கியாயிற்று. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

திங்கட்கிழமை பஸ்ஸில், பைண்டிங் ஆகி வந்த ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சுங்கை ஊடாங் தாண்டியதும் அந்தத் தவறு கண்ணில் பட்டது. கரும்பொருளின் மொத்த நிறையையும் கணக்கில் சேர்த்திருந்தேன். துகளின் பாதைக்கு உள்ளே இருப்பதைத்தான் சேர்க்க வேண்டும். வெளியே இருப்பது எல்லாப் பக்கமும் இழுத்து, கடைசியில் இழுக்காததற்குச் சமமாகிவிடும். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று முதல் வருடம் கணினியில் அவசரமாக எழுதிய ஒரு வரி, அப்படியே தங்கிவிட்டது. இதையே நான் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்துக்குப் பாடமும் நடத்தியிருக்கிறேன்!

ஏட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவர் என் கணவர். வெள்ளிக்கிழமை அவருடைய லாரிக்குக் கோலாலம்பூர் சரக்கு. அன்றிரவு அவரிடம் தவற்றைச் சொன்னேன்.

"யாருமே பாக்கலதானே? குடுத்துடு லா. நீ ஒழுங்கா தூங்கி எத்தன நாளாச்சு?" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால்தான்.

காய்ச்சல் என்று கிளினிக்கில் எம்சி விடுப்பு வாங்கி, மூன்று நாள் மறுபடியும் கணக்குப் போட்டு ஏட்டைத் திருத்தி எழுதினேன். கரும்பொருளோடு ஒரு கோடு, அது இல்லாமல் ஒரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக்கொண்டன.

வெள்ளி காலை மேசைமேல் தடித்த பழைய ஏடும், ஒல்லியான புதிய ஏடும் இருந்தன. அவர் புதியதைப் புரட்டினார்.

"ரெண்டு கோடுன்னு எழுதியிருக்க. ஒண்ணுதானே இருக்கு?"

"ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு இருக்குங்க. கரும்பொருள் இருந்தாலும் எதுவுமே மாறல."

"இதுக்குப் பட்டம் குடுப்பாங்களா?"

"தெரியலங்க." அழுகை வந்துவிட்டது. மூன்று வருடம் போனதே என்றுதான் அழுதேன், வேறு பெரிய காரணம் இல்லை.

அவர் தடித்ததை எடுத்து அலமாரிமேல் போட்டுவிட்டு, ஒல்லியானதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லாரிக்குப் போனார்.

திங்கட்கிழமை அதே பஸ். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு மஸ்ஜித் தானா வரைக்கும் நின்றபடியே தூங்கினேன்.